ஆரோட வந்தது?

எங்களோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர், புதிதாக யார் வந்தாலும் பேரைக் கேட்கமாட்டார், ஊரைக் கேட்கமாட்டார். "ஆரோட வந்த?" என்றுதான் கேட்பார். வெளிநாட்டிலிருந்து உதவி கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெண்ணிடமும் அதைத்தான் கேட்டார். மொழிபெயர்க்க வந்தவர் திருதிருவென்று முழித்தார். ஒருநாள் மேசைக்கடியில் ஒரு பூனை வந்து படுத்திருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "இது ஆரோட வந்தது?" என்று என்னிடம் கேட்டார். பூனைக்கு நானா பொறுப்பு? எனக்குக் கோபம் சட்டென்று வரும். "உங்கட மாமியோட வந்திருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல, மாமிக்குப் பூனையக் கண்ணுல காட்டக் கூடாது" என்றார்.

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கந்தோர். சுனாமிக் கடல் வந்து போன அடுத்த வருடம், வீடிழந்த குடும்பங்களின் விவரங்களைப் பதிவதற்காக ஒரு நிவாரண நிறுவனம் திறந்தது. நான் அங்கே விவரங்களைக் கம்பியூட்டரில் அடிக்கிறவள். அவர் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டோம். மெலிந்த ஆள். நாற்பது தாண்டியிருக்காது, ஆனால் தாடி முழுக்க நரைத்துப்போயிருந்தது. சேட்டுப் பையில் ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு பென்சிலும் எப்போதும் இருக்கும். வேலை பாரமானால் நாற்காலியில் இருக்கமாட்டார். செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தரையில் சப்பாணி கட்டிவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கணவர் என்னைக் கொண்டுவந்து விட்டார். அவரிடமும் அதே கேள்விதான். "இவவோட வந்தன்" என்றார் என் கணவர். "அப்ப நீங்க நம்மட ஆள்" என்று காக்கா அவருடைய கையைப் பிடித்து உட்காரவைத்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

அவருடைய அந்தக் கேள்விக்கு உள்ள அர்த்தத்தை நான் விளங்கிக்கொண்டது பொதிகளின் பட்டியல் வந்தபோதுதான். எங்களிடம் இருந்த கம்பியூட்டர்கள் எல்லாம் யாரோ அன்பளித்தவை. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஒரு சிஸ்டம் அவற்றில் இருந்தது. அதில் எந்தப் புரோகிராமைப் போட்டாலும் அது ஒரு பொதியாக வரும். ஆனால் தனியாக வராது. தனக்குத் துணையாக இன்னும் நாலைந்து பொதிகளைக் கூட்டிக்கொண்டு வரும். அந்தத் துணைகள் தங்களுக்கு வேண்டிய துணைகளையும் கூட்டிக்கொண்டு வரும். நாம் ஒன்றைக் கேட்டிருப்போம், வீடு நிறைய ஆள் வந்து இறங்கியிருக்கும்.

ஒருநாள் கொழும்புத் தலைமையகத்திலிருந்து கட்டளை வந்தது. ஒவ்வொரு கம்பியூட்டரிலும் என்னென்ன சொப்ட்வெயார் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று பட்டியல் அனுப்ப வேண்டும். மனேஜர் கம்பியூட்டரிடமே பட்டியலைக் கேட்டார். அது கொடுத்தது. பிரிண்டர் ஓடத் தொடங்கி, தாள் முடிந்து, புதுக் கட்டு போட்டு, அதுவும் பாதி முடிந்த பிறகுதான் நின்றது. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் கோடு, வாலில் இலக்கங்கள். பாதிக்கு மேலே 'லிப்' என்று தொடங்கின. மனேஜர் படித்த மனிதர், பட்டதாரி. ஒரு பக்கம் பார்த்தார், இரண்டாம் பக்கத்தில் தலையைச் சொறிந்தார். "இப்படியே கட்டி அனுப்புங்க" என்றார்.

"ஏலாது சேர்" என்றார் காக்கா. "விளங்காதத அனுப்பினா அவங்களும் விளங்காமலே சரி எண்டு ஒப்பம் வைப்பாங்க. மறுகா ஒரு நாளைக்கு விளங்காமலே அழிக்கச் செல்லுவாங்க."

"அப்ப என்ன செய்யலாம்?"

"விளங்குற மாதிரி எழுதுவம்."

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனியன். அவர் பட்டியலைக் கத்தரிக்கோலால் கீலம் கீலமாக வெட்டினார். நடு அறையில் இருந்த மேசைகளை ஒதுக்கிவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சியைப் பங்கு வைப்பதுபோல தரையில் கூறு போட்டார். முதலாம் கூறு, மெசின் ஒழும்பி நிற்பதற்கு வேண்டியவை. அதில் கை வைக்கக்கூடாது. இரண்டாம் கூறு, நாம் கேட்டுப் போட்டவை. அது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் நாம் கேட்டது இவ்வளவுதானா என்று மனேஜரே அசந்துபோனார். மூன்றாம் கூறு, கூட வந்தவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதற்காக, யாரோடு வந்தது என்று எழுதினார். நாலாம் கூறு, கூட்டிக்கொண்டு வந்த ஆள் போய்விட்டது, இது மட்டும் நிற்கிறது.

கூறு பிரித்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதை அடிக்கிற வேலை எனக்கு. 'பிரிண்டருக்கும் கம்பியூட்டருக்கும் நடுவில் நின்று கதைப்பது. எடுத்தால் இரண்டும் முகம் பாராது.' 'தமிழ் எழுத்துகள். எடுத்தால் ஆட்களின் பேரெல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரியும்.' 'மணிக்கூட்டைச் சரியாக வைத்திருப்பது. எடுத்தால் பதிவுகளின் திகதி பிழைக்கும்.' இரண்டாம் கூறில் ஓரிடத்தில், 'சீட்டு விளையாட்டு. மனேஜர் கேட்டது' என்று இருந்தது. அதை வெட்டிவிடச் சொல்லி மனேஜர் இரகசியமாக வந்து கேட்டார். "கேட்டது நீங்க தானே சேர்" என்றார் காக்கா. அந்த வரி அப்படியே கொழும்புக்குப் போனது.

எழுதிய வரிகளைக் கீழே வாசலில் இருக்கிற காவல்காரருக்குப் போய் வாசித்துக் காட்டுவார். காவல்காரர் மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற மனிதர். கம்பியூட்டரைத் தூசு தட்டியதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. அவர் "விளங்கல்ல" என்று சொன்னால் அந்த வரி திரும்ப மாடிக்கு வரும். 'லிப்' என்று தொடங்குகிற பொதிகளை விளங்கப்படுத்தக் காக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் ஒரு மத்தியானம் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நாலஞ்சு பேர் சேந்து ஒரு உழவு மெசின் வாங்குவாங்க தானே" என்றிருக்கிறார் காக்கா. "அது ஒராள்ட வளவுல நிக்கும். எல்லாரும் எடுத்து உழுவாங்க. இதுவும் அப்படித்தான். தனக்கெண்டு வயல் இல்ல."

"அப்ப ஒருத்தன் வயல வித்துட்டுப் போனாலும் மெசின விக்க ஏலாது. மத்தவனுக்கு வேணும்" என்றாராம் காவல்காரர்.

அதை ஓடிவந்து என்னிடம் சொல்லி அப்படியே அடிக்கச் சொன்னார். அவருடைய முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தது அபூர்வம். அன்றைக்குப் பார்த்தேன்.

அவரை ஏதோ தங்கமான மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. பிடிவாதம் என்றால் உடும்புப்பிடி. யாராவது ஒன்றைக் காட்டி "அது சும்மா இரிக்கட்டும் காக்கா" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். "சும்மா எண்டா என்ன? சும்மா எண்டு ஒரு சாமான் துனியாவுல இரிக்கா?" என்று அரை மணித்தியாலம் பிடித்து வைத்துக்கொள்வார். ஒருதடவை நான் திரையில் பூப்படம் மாறி மாறி வருகிற ஏதோ ஒன்றை ஆசைக்குப் போட்டிருந்தேன். எல்லோருக்கும் முன்னால், இது யார் போட்டது, எதற்குப் போட்டது, இதோடு இன்னும் எத்தனை வந்தது என்று என்னை நிறுத்திவைத்துக் கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்தக் கோபம் தீர்ந்த பிறகுதான் நான் ஒரு பகிடியைச் சொன்னேன். எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வாப்பா எப்படியாவது பாடுபட்டு மகளுக்கு ஒரு வீடு கட்டுவார், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். "காக்கா, அப்ப இந்த மூணாம் கூறு முழுக்க மாப்பிள்ளைமார் தானே. பொஞ்சாதியோட வந்த ஆக்கள்" என்றேன். கந்தோரே சிரித்தது. பாண்டிருப்பிலிருந்து வருகிற, என் பக்கத்து மேசைத் தமிழ்ப் பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

காக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓம் புள்ள. சரியாச் சென்னாய். நானும் அந்தக் கூறுதான்" என்றார். பிறகு குனிந்து கீலங்களை அடுக்கத் தொடங்கினார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகப் படியிறங்கும்போது காவல்காரர் என்னை மறித்தார். "தெரிஞ்சுகொண்டா அந்தப் பகிடியச் சென்னாய் நீ? அவர்ட பொஞ்சாதி கடலோட மௌத்தாகிட்டா. மூத்த மகளும் போயிட்டா. ரெண்டு பேர்ட மையித்தும் கிடைச்சி அடக்கினாங்க. சின்னவ கிடைக்கவே இல்ல. ஆறு வயசு." அன்று காலையில் காக்கா வரிப்பத்தான்சேனையில் இருந்திருக்கிறார். அது கடலுக்குத் தூரத்தில் உள்ள அவருடைய தாய் ஊர். நெல்லரிசி எடுத்துவரப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்ததாம். என் வாயை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

காக்கா அகதி முகாமில் மனைவியின் தாயோடும் மனைவியின் தங்கையோடும் இருந்தார். அந்த மாமியை எனக்கு நன்றாகத் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். சில நாட்களில் மருமகனுக்குச் சோற்றுப் பொதி கொண்டுவருவார். பெரிய உடம்பு, உரத்த குரல், யாருக்கும் பயப்படாத மனுசி. வந்தால் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருப்பார். சின்னப் பேத்தி இருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. யாரோ ஒரு லொறியில் பிள்ளைகளை ஏற்றிப்போனதைக் கண்டவர்கள் உண்டு என்பார். பொலன்னறுவைப் பக்கம் ஒரு சிங்கள வீட்டில் தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளை வளர்கிறதாம் என்பார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கதைகள் கடற்கரை முழுக்க நடந்து திரிந்தன. மாமி இதைச் சொல்லும்போது காக்கா ஓமும் சொல்லமாட்டார், இல்லையும் சொல்லமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

மூலையில் திரைச்சீலை போட்டு மறைத்து ஒரு கம்பியூட்டர் இருந்தது. அதில் இருந்தவை மையித்துப் படங்கள். கடல் வந்த அன்றும் அடுத்த நாளும் பள்ளிவாசல் முற்றத்தில் கிடத்தியிருந்தவர்களில், சொந்தக்காரர் வராதவர்களை அப்படியே அடக்க வேண்டியிருந்தது. அடக்குவதற்கு முன்னால் கலியாணப் படம் எடுக்கிற ஒரு ஸ்டூடியோக்காரர் ஒவ்வொருவரின் முகத்தையும் படம் எடுத்து வைத்தார். கட்டாரிலிருந்து தம்பி அனுப்பிய புதுக் கமரா. அந்தக் கமரா படங்களைத் தனக்கென்று ஒரு தினுசில்தான் சேமித்தது. சாதாரணமாகப் படம் பார்க்கிற எந்தப் புரோகிராமாலும் அவற்றைத் திறக்க முடியவில்லை. ஒரே ஒரு சின்னப் பொதிதான் திறந்தது.

முதல் வருடத்தில் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க வருவார்கள். சிலர் ஒன்றும் எடுக்கவல்ல, பார்க்க மட்டும் வருவார்கள். காக்கா கம்பியூட்டரைப் போட்டு, அந்தப் படம் திறப்பதைத் தயார் செய்து, நாற்காலியை இழுத்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போய்விடுவார். வந்தவர்கள் அழுது முடித்துப் போகும்வரை வாசலில் காவல்காரரோடு நிற்பார். பக்கத்தில் இருந்து படங்களைத் தள்ளிக் காட்டியது நானும் பாண்டிருப்புப் பிள்ளையும்தான். ஒருதடவையாவது அவர் அந்தத் திரைச்சீலைக்குள் இருந்து ஒரு படத்தைப் பார்த்ததில்லை. தன் பிள்ளை அதற்குள் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியாதா? பிறகு கந்தோர் முழுவதற்கும் தெரிந்ததுதான். யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்தச் சின்னப் பொதிக்கு ஒரு சோதனை வந்தது. அது ஒரு பெரிய படம் திருத்துகிற புரோகிராமோடு வந்தது. இடம் பிடிக்கிறது என்று அந்தப் பெரியதை எடுத்துவிட்டார்கள். அப்போது கம்பியூட்டரின் கணக்குப்படி இதற்கு ஆளில்லை. நாலாம் கூறில் விழ வேண்டியது. காக்காவின் பட்டியல் வந்த பிறகு மனேஜருக்கும் எல்லாம் விளங்கத் தொடங்கியிருந்தது. நாலாம் கூறு முழுவதையும் அழித்து இடத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்று ஒரு வேகத்தில் இருந்தார். பட்டியலைப் பார்த்தார். அந்தப் பொதி இரண்டாம் கூறில் இருந்தது. 'மையித்துப் படங்களைத் திறப்பது. கேட்டுப் போட்டது.'

"இது கூட வந்தது தானே. இத ஆரு கேட்ட?" என்றார் மனேஜர்.

"நான்" என்றார் காக்கா.

"இப்ப ஆரும் படம் பாக்க வாறல்லியே காக்கா."

"நான் கேட்டனான் சேர். அது அங்க இரிக்கட்டும்."

மனேஜர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நாலாம் கூறில் இருந்தவற்றையெல்லாம் அன்றே துடைத்தெறிந்தார்கள்.

பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவில் ஓய்ந்திருந்த சண்டை திரும்பவும் சூடு பிடித்தது. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. ஒருநாள் காக்கா வந்த பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அவருடைய பைக்குள் பட்டியலின் கட்டு இருந்தது. சின்ன ஆங்கில எழுத்து, கோடு, இலக்கம். இது என்ன இரகசியச் செய்தி என்று ஒரு சிப்பாய் கேட்டிருக்கிறான். வேறு யாராவது என்றால் கையைக் கட்டி, கந்தோர்க் கடதாசி மாத்தயா என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இவர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் முதலாம் கூறிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கியிருக்கிறார். வெயிலில் முழங்காலில் இருத்தி வைத்தார்கள். மனேஜர் போய்க் கதைத்துக் கூட்டிவரப் பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. முழங்கால் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. நான் மருந்து பூசக் கொடுத்தேன். "மூணாம் கூறுக்கு வாறதுக்குள்ள வாயப் பொத்தச் சென்னான் புள்ள. முழுக்கக் கேட்டிருந்தா அவனுக்கு விளங்கியிருக்கும்" என்றார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இந்த மனிதன் இந்தக் காலத்தில் எப்படிப் பிழைக்கப் போகிறார் என்று பயமாகவும் இருந்தது.

சண்டை முடிந்தது என்று அறிவித்த அன்று கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். கடைக்குக் கடை கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். பாண்டிருப்புப் பிள்ளை அந்தக் கிழமை வேலைக்கு வரவில்லை. அவளுடைய அண்ணன் கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தான். திரும்பி வந்தபோது அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காக்கா மட்டும் அவளுடைய மேசையில் ஒரு தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதத்தோடு கந்தோரை மூடுவதாகவும் முடிவானது. கம்பியூட்டர்களைத் துடைத்து ஒரு பாடசாலைக்குக் கொடுக்க வேண்டும். மையித்துப் படங்களை ஒரு டிஸ்க்கில் இட்டுப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிவாசலில் அதைத் திறக்க ஏற்பாடு எதுவும் இல்லை. பார்ப்பவர்கள் அதற்கு முன்னால் பார்த்தால்தான் உண்டு.

பாடசாலைக்குக் கொடுக்கிற பட்டியலுக்காகக் காக்கா தரையில் இருந்து கீலம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அடித்துக்கொண்டிருந்தேன். அவராகவே கதைக்கத் தொடங்கினார். வயலை நிரப்பிக் கட்டிய புதுத் திட்டத்தில் மாமியின் பேரில் ஒரு வீடு கிடைத்திருந்தது. அந்த வீட்டைக் கொடுத்து இளைய மகளைக் கட்டிவைக்க மாமி முடிவு செய்திருந்தார். சம்பந்தம் பேச வந்தவர்கள் காக்காவைக் கண்டு முகம் சுளித்திருக்கிறார்கள். பெண்சாதி இல்லாத ஒருவர், குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் எந்த முறையில் இருக்கிறார்?

"மாமி என்ன சென்ன?" என்றேன்.

"அவர் என்ட பேத்திட வாப்பா, புள்ள நாளைக்கு வந்து வாப்பா எங்க எண்டு கேட்டா நான் என்ன செல்ற எண்டு கேட்டாவாம். மாப்பிள்ளட வாப்பா ஒரே பேச்சாச் செல்லிட்டார். மையித்துப் படம் கிடக்காம், போய்ப் பாருங்க. புள்ள அதுல இல்லாட்டி, சரி, புள்ளட வாப்பா எண்டு முன் அறையில இரிக்கட்டும், நாங்க மறுக்க மாட்டம். அதுல இரிந்தா அவருக்கு அங்க ஒரு வேலையும் இல்ல, அவர்ட ஊருக்குப் போகட்டும்."

"ஊருல ஆரு இரிக்காங்க காக்கா?"

"உம்மா மௌத்தாகி ரெண்டு வருசம். அந்த வீடு தங்கச்சிக்கு. அவட மாப்பிள்ள இரிக்கிறார்." கத்தரிக்கோலைத் தரையில் வைத்தார். "இவ்வளவு நாளும் ஏன் பாக்கல்ல எண்டு நினைப்பாய் புள்ள. பாத்தா ஒரு வரியில எழுதி முடிச்சிரலாம். அதுக்குத்தான் பயம்."

 கண்ணைத் துடைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மாமி வந்தார். அன்றைக்குச் சோற்றுப் பொதி இல்லை. "பொம்புளயாள் ஒராள் பக்கத்துல இரி மகள்" என்று என் கையைப் பிடித்துத் திரைச்சீலைக்குள் கூட்டிப்போனார். காக்கா கம்பியூட்டரைப் போட்டார். நாற்காலியை மாமிக்கு இழுத்து வைத்தார். வழமைபோல் கீழே இறங்கிப்போவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மாமிக்குப் பக்கத்தில் நின்றார்.

படங்களைத் தள்ளியது அவர்தான். ஆண்கள் போனார்கள், பெண்கள் போனார்கள். மாமி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். தெரிந்த முகம் ஒன்றிரண்டு வந்தபோது "யா அல்லாஹ், இவட தாய் இன்னும் தேடுறாவே" என்று முனகினார். பிறகு சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். காக்காவின் விரல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தாமதித்தது.

அந்தப் படம் வந்தது. நான் அந்தப் பிள்ளையை உயிரோடு கண்டதில்லை. எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. காக்காவின் அதே நெற்றி, அதே கூர்மூக்கு. கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. சட்டைக் கழுத்தில் கையால் தைத்த சின்ன நீலப் பூக்கள். மாமியின் ஓதல் நின்றது. அவருடைய விரல் எழுந்து, அந்தப் பூத்தையலுக்கு மேலே கண்ணாடியில் ஒருமுறை போய் வந்தது. அது யாருடைய தையல் என்று அந்த விரலில் தெரிந்தது.

 மாமி கையை மடியில் வைத்தார்.

"இது நம்மட புள்ள இல்ல" என்றார். குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை. "இது ஆரோ பெத்த புள்ள. பாவம்."

நான் காக்காவைப் பார்த்தேன். வெயிலில் முழங்காலில் இருந்தபோதும் ஒன்றை விளங்கப்படுத்தாமல் விடாத மனிதர். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன்.

"ஓம் மாமி" என்றார். "இது வேற புள்ள."

அடுத்த படத்தைத் தள்ளினார். மீதி இருந்த படங்கள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், கடைசிவரைக்கும் காட்டினார். மாமியும் ஒவ்வொன்றையும் பார்த்து "இல்ல" என்றார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. ஆனால் மாமி என் கையை விடவில்லை.

முடிந்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். காக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமி குனிந்து அவருடைய செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

"வாங்க மகன்" என்றார். "வீட்ட போவம்."